எஸ்460 போட்டால் ஆயுள் கூடுமா? கடல் காற்றாலை வெல்டுகளைப் பற்றி ஒரு தம்பிக்கு எழுதிய பதில்

மலேசியாவின் பிறையில் ஒரு ஃபேப்ரிகேஷன் யார்டில் கியூசி (தரச் சோதனை) வேலை பார்க்கும் தம்பி கேட்டது இது: "அண்ணே, தைவான் கடலில் நிற்கப்போகும் காற்றாலைகளுக்கான இரும்பு வேலை எங்களுக்கு வரும்போல இருக்கிறது. அடித்தளக் குழாயின் சில கேன்கள் (உருட்டிய வளையத் துண்டுகள்), படகு அணையும் சட்டம், துருவைத் தடுக்கும் அனோடுகளுக்கான தாங்கிகள். ஃபட்டீக், அதாவது மாறி மாறி வரும் பாரத்தால் ஏற்படும் அயர்வு, ரொம்ப முக்கியம் என்கிறார்கள். எஸ்355-க்குப் பதிலாக எஸ்460 போட்டால் பிரச்சினை தீர்ந்தது என்கிறார் எங்கள் சூப்பர்வைசர். கிளையன்ட் வெல்டு டோவையெல்லாம் (வெல்டின் விளிம்பை) அரைக்கச் சொல்கிறார். முதலாளி அந்த விளிம்பைத் தட்டும் பீனிங் எந்திரம் வாங்கலாமா என்று யோசிக்கிறார். இதில் எதுதான் உண்மையில் ஆயுளைக் கூட்டும்?"

தம்பி, சூப்பர்வைசர் சொன்னது தவறு. கிளையன்ட் சொன்னது பாதி சரி. எந்திரத்தை இப்போது வாங்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் எஸ்460 விஷயம். எஸ்-க்குப் பின்னால் வரும் எண் எஃகின் யீல்டு வலிமை, அதாவது எஃகு திரும்ப முடியாதபடி நீளத் தொடங்கும் தகைவு (பரப்பின் மேல் விழும் விசை), மெகாபாஸ்கலில். வெல்டு எதுவும் இல்லாமல் வழவழப்பாகக் கடைந்தெடுத்த ஒரு கம்பியை மாற்றி மாற்றி இழுத்துத் தளர்த்தினால், அதன் ஆயுளில் பெரும்பகுதி விரிசல் பிறப்பதற்கே போய்விடும். அந்தப் பிறப்பைத் தள்ளிப்போடுவதில் உயர்ந்த வலிமையுள்ள எஃகு கைகொடுக்கும், சந்தேகமில்லை. வெல்டில் அந்தக் கட்டமே கிடையாது. உருகிய உலோகம் தட்டைத் தொட்டு உறையும் அந்த விளிம்பில், அதாவது டோவில், கசடு நுழைந்த நுண்ணிய பிளவோ அண்டர்கட்டோ (விளிம்பை ஒட்டிய சிறு பள்ளம்) எப்போதும் இருக்கும். ஆழம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் நான்கு பங்கு வரை. நல்ல வெல்டர் செய்தாலும் இருக்கும், எக்ஸ்ரேயில் தெரியாது. பினாங்கு லெபோ பாசார் துணிக்கடைகளில் பார்த்திருப்பீர்களே, ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டுப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கையாலேயே சர்ரென்று கிழித்துவிடுவார்கள். டோவில் இருக்கும் பிளவு அந்த முதல் வெட்டு. அது விழுந்த பிறகு பாக்கி எல்லாம் விரிசல் வளர்வதுதான்.

வளரும் வேகத்தை நிர்ணயிப்பது யீல்டு வலிமை அல்ல. எஸ்235 ஆகட்டும், எஸ்355 ஆகட்டும், எஸ்690 ஆகட்டும், கட்டுமான எஃகு எல்லாவற்றிலும் ஒரே அளவு தகைவு வீச்சுக்கு (தகைவின் மேல், கீழ் எல்லைகளின் வித்தியாசத்துக்கு) விரிசல் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் நடக்கும். மீள்தன்மைக் குணகம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், சுமார் 2,10,000 மெகாபாஸ்கல். இதோடு வெல்டு ஆறிச் சுருங்கும்போது டோவைச் சுற்றி யீல்டு அளவை நெருங்கும் இழுவிசைத் தகைவு உள்ளேயே தங்கிவிடுகிறது. வெளியிலிருந்து வருவது அமுக்கமே ஆனாலும் டோ இருக்கும் இடம் இழுபட்ட நிலையிலேயே இருக்கும், விரிசலின் வாய் மூடுவதில்லை. அதனால்தான் விதிநூல்கள் வெல்டுக்குத் தகைவு வீச்சை மட்டும் பார்க்கின்றன. டிஎன்வி என்ற தரநிர்ணய நிறுவனத்தின் ஆர்பி-சி203 கையேட்டில், எந்தத் தகைவு வீச்சில் எத்தனை சுழற்சி தாங்கும் என்று ஒவ்வொரு வகை வெல்டுக்கும் ஒரு வளைகோடு, அதாவது ஒரு வகுப்பு, உண்டு. அதைத் திறந்து டி வளைகோட்டைப் பாருங்கள். காற்றில், 20 லட்சம் சுழற்சிக்கு 90 மெகாபாஸ்கல். எந்த கிரேடு என்று அந்த வளைகோடு கேட்பதில்லை.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: எஸ்460 போட்டால் நிலைமை கெடவும் செய்யலாம். வலிமை கூடியிருக்கிறதே என்று டிசைனர் தட்டின் கனத்தைக் குறைப்பார். 460-ஐ 355-ஆல் வகுத்தால் சுமார் 1.3. தகைவு 1.3 மடங்கு ஏறினால், வளைகோட்டின் சரிவு 3 என்பதால், ஆயுள் 1.3-இன் மூன்றாம் அடுக்கால் வகுபடும். அதாவது பாதிக்கும் கீழே. தகைவை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்று. மாறாக, தகைவை வெறும் பத்து விழுக்காடு குறைத்தால் ஆயுள் 37 விழுக்காடு கூடும். இந்த மூன்றாம் அடுக்குக் கணக்கு மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

நமக்கு இது புதிதாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. மலேசியாவில் யார்டு வேலை வளர்ந்ததே எண்ணெய், எரிவாயு மேடைகளை நம்பித்தான். தென்சீனக் கடல் வட கடல் அளவுக்குக் கொந்தளிப்பதில்லை. நம் பக்கத்து மேடைகள் பலவற்றில் தாங்குவலிமைதான் முதல் கேள்வி, அயர்வு அதற்குப் பின்னால்தான் வரும். காற்றாலை அப்படி இல்லை. கோபுரத்தின் மேலே பல நூறு டன் எடை, அதில் மூன்று இறக்கைகள். ஒவ்வொரு இறக்கையும் கோபுரத்தைக் கடக்கும்போது ஓர் உதை, கீழே அலை, இரண்டுக்கும் நடுவே கோபுரத்தின் சொந்த ஆட்டம். அந்தச் சொந்த ஆட்டம் நொடிக்கு 0.3 என்று வைத்துக்கொண்டால் 25 வருடத்தில் சுமார் 24 கோடிச் சுழற்சி. பெரும்பாலானவை சின்னச் சின்ன ஆட்டங்கள்தான், ஆனால் எண்ணிக்கையே ஆளை அடித்துவிடும். மோனோபைலின், அதாவது கடலடியில் இறக்கும் ஒற்றை அடித்தளக் குழாயின், பல பகுதிகளில் தட்டின் கனத்தை முடிவு செய்வது புயல் அல்ல, இந்த அன்றாட ஆட்டம்தான்.

உங்கள் வேலைப் பட்டியலில் அனோடு தாங்கி இருப்பதால் ஒரு பழைய விபத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 1980 மார்ச் 27 அன்று வட கடலின் எகோஃபிஸ்க் எண்ணெய்ப் பகுதியில் அலெக்சாண்டர் எல். கீலண்ட் என்ற மிதக்கும் மேடை கவிழ்ந்தது. இருந்தவர்கள் 212 பேர், இறந்தவர்கள் 123 பேர். விரிசல் தொடங்கிய இடம் பெரிய இணைப்பு எதுவும் அல்ல. கடலடி ஒலியைக் கேட்கும் ஹைட்ரோஃபோன் கருவியைப் பிடிக்க ஒரு குழாயில் பொருத்திய துணைப்பாகம், அதைச் சுற்றிப் போட்ட 6 மிமீ ஃபில்லெட் வெல்டு (மூலையை நிரப்பும் வெல்டு). பாரம் தாங்கும் பாகமே இல்லையே என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விசாரணையில் விரிசல் முகத்தின் ஒரு பகுதியில் பெயின்ட் படிந்திருந்ததைக் கண்டார்கள். அதாவது மேடை கடலுக்குப் போகுமுன்னரே, பெயின்ட் அடிக்கும்போதே, வெல்டு பிளந்துதான் இருந்திருக்கிறது. அங்கிருந்து கிளம்பிய விரிசல் குழாயைச் சுற்றி ஓடி முடித்ததும் ஒரு கால் கழன்றது.

விரிசலுக்கு நம் வரைபடத்தில் எது முக்கியப் பாகம், எது துணைப்பாகம் என்று தெரியாது. பாரம் பாயும் குழாயின் மேல் ஒரு சின்னத் தாங்கியை ஒட்டினாலும் அந்த இடத்தில் குழாயின் வகுப்பு விழுந்துவிடும். தகைவு ஓடும் திசையில் தாங்கி எவ்வளவு நீளமோ அவ்வளவு மோசம். சி203 கணக்கில் 50 மிமீக்கு உட்பட்டால் இ வகுப்பு, 120 மிமீ வரை எஃப், 300 வரை எஃப்1, அதற்கு மேல் எஃப்3. ஆகவே ஆயுளைக் கூட்ட மிகச் சிறந்த வழி, அந்த வெல்டே இல்லாமல் பார்த்துக்கொள்வது. இப்போதைய மோனோபைல்களில் உள்மேடையை மேலிருந்து தொங்கவிடுவதும், அனோடுகளை ஒரு வளையச் சட்டத்தில் கட்டி வெளியே மாட்டுவதும் இதற்காகத்தான். உங்கள் வரைபடத்தில் தாங்கி நேரே மோனோபைல் தோலில் உட்கார்ந்திருந்தால், "இதைத் தவிர்க்க வழி உண்டா?" என்று கேட்பதில் வெட்கமில்லை. குறைந்தபட்சம் அது வட்டச் சீமிலிருந்து (கேனோடு கேனைச் சேர்க்கும் வெல்டிலிருந்து) தள்ளியிருக்கிறதா, முனைகளைச் சுற்றி வெல்டு விடாமல் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். ஆர்க் ஸ்ட்ரைக் (வெல்டிங் பொறி பட்ட தழும்பு), தற்காலிக கிளிட் (பிடிமானத் துண்டு), தூக்குவதற்கு வைத்த காது, இவற்றைச் சுத்தியலால் தட்டி எடுத்துவிட்டுப் பெயின்ட் அடிக்கும் பழக்கம் சில கடைகளில் இன்னும் இருக்கிறது. வெட்டி, அரைத்து, மேற்பரப்பு விரிசலைக் காட்டும் காந்தத்தூள் சோதனை செய்யாமல் விடாதீர்கள்.

கேன்களுக்கு வருவோம். தட்டை உருட்டி, நீளவாக்கில் ஒரு சீம் போட்டு, கேனோடு கேனை வட்டச் சீமால் இணைக்கிறோம். மோனோபைல் வளையும்போது தகைவு மேலும் கீழுமாக ஓடும், அதற்குக் குறுக்கே நிற்பது வட்டச் சீம். எனவே ஆயுள் அங்கேதான் தீர்மானமாகும். இரண்டு விஷயங்கள் அதைத் தின்கின்றன.

ஒன்று கனம். மெல்லிய தட்டில் சோதித்த வளைகோட்டைக் கனத்த தட்டுக்கு அப்படியே எடுக்க முடியாது. கனம் கூடக்கூட டோவின் கூர்மை தட்டின் அளவோடு ஒப்பிடும்போது மோசமாகிறது, உச்சத் தகைவும் ஆழமாகப் பாய்கிறது. டி வகுப்புக்கு அடிப்படைக் கனம் 25 மிமீ. உங்கள் கனத்தை அதனால் வகுத்து வரும் விகிதத்துக்கு அடுக்கு 0.2. உங்கள் கேன் 80 மிமீ என்றால் கணக்கில் தகைவை 1.26-ஆல் பெருக்க வேண்டும். மூன்றாம் அடுக்கு போட்டால் இரண்டு. கனத்துக்காக மட்டுமே ஆயுளில் பாதி போய்விட்டது. இதில் யார்டு செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

இரண்டாவது முழுக்க முழுக்க யார்டின் கையில் இருக்கிறது: ஹை-லோ. இரண்டு கேன்களின் விளிம்பு ஒன்றுக்கொன்று நேராக உட்காராமல் ஒரு பக்கம் ஏறி நின்றால், நேராக ஓட வேண்டிய விசை அங்கே தட்டை வளைக்கும். ஒரே கனமுள்ள தட்டுகளுக்குத் தகைவு கூடும் அளவு, ஒன்றுடன் ஏற்றத்தாழ்வின் மூன்று மடங்கைக் கனத்தால் வகுத்துக் கூட்டியது. வளைகோட்டுக்குள்ளேயே கொஞ்சம் ஏற்றத்தாழ்வு அடங்கியிருக்கிறது. அதைத் தாண்டி 4 மிமீ ஏறிவிட்டால் 80 மிமீ தட்டில் 1.15. ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு காலி. ஃபிட்-அப்பில் இன்னும் அரை ஷிஃப்ட் மெனக்கெட்டிருந்தால் இலவசமாகக் கிடைத்திருக்கும் ஆயுள் இது. எந்தப் பீனிங்கும் இவ்வளவு மலிவாகத் தராது. கேனின் சுற்றளவைத் தட்டு வெட்டும்போதே கட்டுப்படுத்துவது, உருட்டியபின் அளந்து ஒத்த சுற்றளவுள்ள கேன்களை ஜோடி சேர்ப்பது, வித்தியாசத்தை ஒரே இடத்தில் குவியவிடாமல் சுற்றிலும் பங்கிடுவது, கடிகார முள் நிலைகளில் ஹை-லோ கேஜ் வைத்து எழுதிவைப்பது, எல்லாம் பழைய வேலைதான். ஆனால் எண்ணெய் மேடை வேலையில் 'டாலரன்ஸுக்குள் இருக்கிறது' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். இங்கே டாலரன்ஸுக்குள்ளேயே ஏற்றத்தாழ்வு கூடுவதும் குறைவதும் ஆயுளைப் பாதிக்கும்.

இனி அரைக்கும் விஷயம். இதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாகப் பேசித்தான் யார்டுகளில் சண்டை வருகிறது.

முதல் வகை, வட்டச் சீமின் மேடு முழுவதையும் தட்டின் மட்டத்துக்குச் சமமாக வழித்துவிடுவது. மேடு போனால் டோவும் போகும். டி வகுப்பு சி1 ஆகிறது, 90 என்பது 112 ஆகிறது, ஆயுள் கிட்டத்தட்ட இரட்டிப்பு. சப்மெர்ஜ்டு ஆர்க்கில் (தூளுக்கு அடியில் எந்திரம் போடும் வெல்டிங்கில்) உள்ளேயும் வெளியேயும் போட்ட சீமுக்கு எந்திரம் வைத்தே இதைச் செய்யலாம். ஆனால் மேடு போன பிறகு விரிசல் தொடங்கும் இடம் உள்ளே இருக்கும் குறைகளுக்கு மாறுகிறது. கசடு, உருகிச் சேராத இடம், எல்லாவற்றுக்கும் அல்ட்ராசோனிக் சோதனையின் கண்டிப்பு கூட வேண்டும். வழித்துவிட்டுப் பழைய அளவுகோலிலேயே சோதித்தால் சி1 என்று சொல்லிக்கொள்ள உரிமை இல்லை.

இரண்டாவது வகை, மேட்டை விட்டுவிட்டு டோவை மட்டும் அரைப்பது. ஃபில்லெட், தாங்கி, குழாய்-குழாய் இணைப்பு இவற்றுக்கு இதுதான். உங்கள் கிளையன்ட் கேட்பதும் இதையே என்று நினைக்கிறேன். குறிக்கோள் பளபளப்பு அல்ல. டோவில் உட்கார்ந்திருக்கும் அந்த நுண்பிளவை அடியோடு எடுத்துவிட்டு, கூரான மூலையை உருண்டையான பள்ளமாக மாற்றுவது. கருவி, உருண்டை முனையுள்ள டங்ஸ்டன் கார்பைடு பர் (சுழன்று செதுக்கும் முனை), காற்றில் ஓடும் வேகமான கிரைண்டர். கண்ணுக்குத் தெரியும் அண்டர்கட்டின் அடியிலிருந்து இன்னும் குறைந்தது 0.5 மிமீ கீழே போக வேண்டும். பழைய டோ கோடு ஒரு முடி அளவுகூட மிச்சமிருக்கக் கூடாது. அதே நேரம் மொத்த ஆழம் 2 மிமீயைத் தாண்டவும் கூடாது, தட்டைத் தின்றுவிட்டால் நோக்கமே கெட்டது.

அரைத்த இடத்தில் டார்ச் லைட்டைத் தாழ்வாகச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கீறல்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன? சீமுக்குக் குறுக்கே, அதாவது தகைவு ஓடும் திசையிலேயே ஓட வேண்டும். சீமை ஒட்டி நீளவாக்கில் ஓடினால் ஒவ்வொரு கீறலும் விரிசலுக்கு ஒரு புது வாசல். டிஸ்க் கிரைண்டரை எடுத்துச் சீம் நெடுக இழுத்துக்கொண்டே போனால் இதுதான் நடக்கும். பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும், கிளையன்டின் ஆள்கூட ஏமாந்துவிடலாம். டிஸ்க் வேகமானது என்பதால் வெல்டர்களுக்கு அதன்மேல் ஆசை அதிகம். பர் வேலை மெதுவானது, மணிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். 8 மீட்டர் விட்டமுள்ள கேனின் சுற்றளவு 25 மீட்டர், உள்ளும் புறமுமாக நான்கு டோ. ஒரு சீமுக்கே நூறு மணி நேரம். அதனால் டோ அரைப்பதை எல்லா இடத்திலும் செய்ய வேண்டாம். டிசைனரிடம் ஆயுள் குறைவாக வரும் இடங்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி, அங்கே மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள். அரைத்த பின் காந்தத்தூள் சோதனை கட்டாயம்.

இப்படிச் செய்தால் என்ன கிடைக்கும்? ஐஐடபிள்யூ எனப்படும் சர்வதேச வெல்டிங் அமைப்பின் பரிந்துரைப்படி தகைவில் 1.3 மடங்கு, ஆயுளில் சுமார் 2.2 மடங்கு. வகுப்பு 112-க்கு மேல் போக அனுமதி இல்லை. டோவை டிக் வெல்டிங் மின்வில்லால் மறுபடி உருக்கி மிருதுவாக்கும் முறைக்கும் அதே 1.3. டிக் முறை சுத்தத்தை ரொம்ப எதிர்பார்க்கும். துளி துரு, பெயின்ட், எண்ணெய் இருந்தால் துளை விழும். திறந்தவெளி யார்டில், அதுவும் மழைக்காலத்தில், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஜேக்கெட் வகை (குழாய்ச் சட்டக) அடித்தளத்தில் குழாய்கள் சந்திக்கும் இடங்களில் வெல்டின் உருவமே முக்கியம். இதற்குப் பழைய சோதனை ஒன்று உண்டு. கிளைக்குழாயின் கனத்துக்கேற்ற அளவுள்ள ஒரு வட்டத்தகட்டை வெல்டின் மேல் வைப்பார்கள். தகட்டுக்கும் வெல்டுக்கும் நடுவே 1 மிமீ கம்பி நுழைந்தால் ஃபெயில். ஐந்து காசு செலவில்லாமல் வெல்டர் தானே செய்துபார்க்கலாம், கியூசி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

முதலாளி ஆசைப்படும் எந்திரத்துக்கு வருகிறேன். இப்போது பேசப்படுவது எச்எஃப்எம்ஐ, உயர் அதிர்வெண் தட்டும் முறை. இதன் வேர் சோவியத் காலத்து அல்ட்ராசோனிக் முறை. சில மில்லிமீட்டர் விட்டமும் உருண்டை முனையும் உள்ள கடினமான ஊசிகள் நொடிக்கு 90 தடவைக்கு மேல் டோவைத் தட்டும். 0.2 முதல் 0.6 மிமீ வரை ஆழமுள்ள வழவழப்பான ஒரு தடம் விழும். மூலை உருண்டையாவது ஒரு நன்மை. அதைவிடப் பெரிய நன்மை, வெல்டு ஆறும்போது தங்கிய இழுவிசை போய் அங்கே அமுக்கம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. விரிசலின் வாய் மூடியே இருக்கிறது. அந்த அமுக்கம் எவ்வளவு இருக்க முடியும் என்பது எஃகின் யீல்டைப் பொறுத்தது. சூப்பர்வைசரின் எஸ்460 கடைசியில் பலன் தருவது இங்கே மட்டும்தான். ஐஐடபிள்யூ பரிந்துரையில் எஃகின் வலிமை ஏற ஏற எச்எஃப்எம்ஐக்குக் கிடைக்கும் வகுப்பும் ஏறுகிறது, வளைகோட்டின் சரிவும் 3-இலிருந்து 5 ஆகிறது. அரைப்பதைவிடப் பலன் அதிகம், வேலையும் வேகம். பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்?

அந்தப் பரிந்துரை 5 முதல் 50 மிமீ வரையான தட்டுக்குத்தான். உங்கள் கேன் அதைத் தாண்டிவிட்டது. அதோடு சராசரித் தகைவு இழுவிசைப் பக்கம் அதிகம் சாய்ந்தால் பலனைக் குறைக்கச் சொல்கிறது. உச்சத் தகைவு யீல்டில் பத்துக்கு எட்டு பங்கைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. உள்ளே உட்காரவைத்த அமுக்கம் ஒரு பெரிய உதையில் கலைந்துபோகும் என்பதே இந்த நிபந்தனைகளுக்குக் காரணம். மோனோபைலைச் சுத்தியலால் கடலடியில் அடித்து இறக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒரு தகைவு அலை மேலிருந்து கீழே ஓடுகிறது. யார்டில் கவனமாகத் தட்டி வைத்த அமுக்கம் அதில் எவ்வளவு பிழைக்கும் என்பதை டிசைனர் கணக்கு காட்டி நிரூபிக்க வேண்டும். அரைத்த டோவுக்கு இந்தப் பயம் இல்லை, உருவம் உருவம்தான், அடித்தாலும் கலையாது. இன்னொன்று, எச்எஃப்எம்ஐ பிளவை எடுப்பதில்லை, அமுக்கி வைக்கிறது. டோ ஏற்கெனவே ஆழமாகப் பிளந்திருந்தால் மேலே மெழுகிவிட்ட மாதிரி ஆகிவிடும். தட்டுவதற்கு முன்பே காந்தத்தூள் சோதனை செய்ய வேண்டும். படகுச் சட்டம், தாங்கி போன்ற 50 மிமீக்குக் குறைந்த பாகங்களில் கிளையன்டே கேட்டால் செய்யலாம். அதற்கு எந்திரமும் ஆளும் வாடகைக்கு வரட்டும்.

டோவை எவ்வளவு அழகாக்கினாலும் ரூட், அதாவது வெல்டின் அடிப்பகுதி, காலை வாரிவிடும் இடங்கள் உண்டு. இருபுறமும் ஃபில்லெட் போட்டு நடுவில் உருகாமல் விட்ட சிலுவை இணைப்பு, பாதி ஊடுருவிய வெல்டு, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் போட்ட சீம் ஆகியவற்றில் நடுவில் இருக்கும் சேராத இடைவெளியே ஓர் ஆயத்த விரிசல். டோவை அரைத்தால் விரிசல் அங்கிருந்து ரூட்டுக்கு இடம் மாறும். ஆயுள் கூடாது, கூடவே அது வெளியே தெரியும் முன் வெல்டின் உள்ளே முழுவதும் ஓடிவிட்டிருக்கும். பாரம் தாங்கும் இணைப்பு எதையாவது அரைக்கச் சொன்னால், "இது முழு ஊடுருவலா?" என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். இல்லை என்று பதில் வந்தால் அரைப்பதற்குச் செலவிடும் பணத்தை வெல்டை முழு ஊடுருவலாக மாற்றுவதற்குச் செலவிடச் சொல்லுங்கள்.

கடல்நீரைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதே டி வகுப்பு, அதே தகைவு. அதிகத் தகைவுப் பகுதியில், அனோடு பாதுகாப்புடன் கடலில் இருந்தால் காற்றில் இருப்பதைவிட ஆயுள் சுமார் 2.5 மடங்கு குறைவு. பாதுகாப்பின்றித் துருப்பிடிக்க விட்டால் 3 மடங்கு குறைவு. அதைவிட மோசம், சின்னச் சின்ன ஆட்டங்களால் சேதம் வெகு குறைவு என்று வளைகோட்டில் கிடைக்கும் சலுகையும் போய்விடும். 24 கோடிச் சுழற்சியில் பெரும்பாலானவை சின்ன ஆட்டங்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா, அடி விழுவது அங்கேதான். அரைத்த டோவில் துருக்குழி விழுந்தால் அரைத்த பலன் அவ்வளவுதான். அதனால் அரைத்த இடத்துக்குப் பூச்சு போவதில் தாமதம் கூடாது. அனோடுகளையும் மிகையாக வைத்துவிடக் கூடாது. மின்னழுத்தம் ரொம்பக் கீழே போனால் எஃகுக்குள் ஹைட்ரஜன் நுழையும், வலிமை கூடிய எஃகுக்கு அது இன்னும் ஆகாது. எஸ்460-க்கு எதிராக இதுவும் ஒரு புள்ளி. மோனோபைலின் உட்புறம் காற்றுப் புகாமல் மூடியிருக்கும், துருப்பிடிக்காது என்று ஆரம்பகாலத்தில் நம்பினார்கள். பல இடங்களில் கேபிள் துளை வழியாக நீரும் ஆக்சிஜனும் உள்ளே போய்வந்து அந்த நம்பிக்கையைக் கெடுத்தன. உட்புறம்தானே என்று டோவைக் கவனிக்காமல் விடாதீர்கள்.

கிளையன்ட் பாதி சரி என்று ஏன் சொன்னேன்? அரைக்கச் சொன்னது சரி. ஆனால் அந்தப் பலனை டிசைனிலேயே செலவழித்துவிட்டாரா என்று கேளுங்கள். முன்னேற்ற முறைகளை டிசைன் கட்டத்தில் கணக்கில் எடுக்காமல், தகைவைக் குறைத்தும் உருவத்தைத் திருத்தியும் ஆயுளை எட்டிவிட்டு, அரைப்பதை ஒரு கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது சி203-இன் அறிவுரை. அனுபவம் பேசும் வரி அது. வேலை நடக்க நடக்கப் பாரம் கூடும், காற்றாலையின் மாடல் மாறும், ஒரு கேனில் ஹை-லோ எதிர்பார்த்ததைவிட ஏறிவிடும். அப்போது எடுத்துக்கொடுக்க ஏதாவது கையில் இருக்க வேண்டும். அரைத்தால்தான் 25 வருடம் வரும் என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிட்டால், அந்த இடத்தில் தகைவு ஏற்கெனவே அதிகம் என்று பொருள். விரிசல் கண்ணில் பட்டதற்கும் தட்டைத் துளைத்துப் போவதற்கும் நடுவே கிடைக்கும் காலமும் குறைவு. முக்குளிப்பவர் வருவதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

உங்கள் வேலைக்கு நான் சொல்வது இதுதான். ஆர்டர் கையெழுத்தாகும் முன் வரைபடத்தில் ஒவ்வொரு வெல்டுக்கும் வகுப்பு எழுதித் தரச் சொல்லுங்கள். எங்கே மட்டத்துக்கு வழிக்க வேண்டும், எங்கே டோ மட்டும், எங்கே தொடவே வேண்டாம் என்று குறித்திருக்க வேண்டும். 'அனைத்து வெல்டுகளும் அரைக்கப்பட வேண்டும்' என்று பொதுவாக ஒரு வரி இருந்தால் விலை பேசாதீர்கள், பிறகு தகராறுதான். எந்திரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தை எடுத்து நல்ல பர் கிரைண்டர்கள், முகக்கவசம், அதிர்வைத் தாங்கும் கையுறை, ஹை-லோ கேஜ் வாங்குங்கள். அரைக்க இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து அவர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுங்கள். கை மாறினால் தரம் மாறும் வேலை இது. உற்பத்தி தொடங்குமுன் அதே எஃகு, அதே கனத்தில் ஒரு மாதிரித் துண்டு வெல்டு செய்து, டோவில் பாதியை அரைத்து, பாதியை அப்படியே விட்டு, குறுக்கே வெட்டிப் பாலிஷ் போட்டு அமிலத்தில் காட்டுங்கள். 0.5 மிமீ போயிருக்கிறதா, பழைய டோ மிச்சமிருக்கிறதா என்பது அந்த வெட்டுமுகத்தில் தெளிவாகத் தெரிந்துவிடும். கிளையன்டின் இன்ஸ்பெக்டரை அதன் மேல் கையெழுத்துப் போட வைத்து, துண்டை அரைக்கும் இடத்திலேயே மேசையில் வைத்துவிடுங்கள். பிறகு எது சரி என்ற பேச்சு வந்தால் அதையே எடுத்துக் காட்டலாம்.